அம்மாவின் டிக்கெட்டுக்காக ஒரு மைல் கணக்கைத் தேர்ந்தெடுத்தது

அம்மாவுக்கு ஃபிராங்க்ஃபர்ட் வழியாக நியூவார்க் போக டிக்கெட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. போகிற டிக்கெட் முழுக்க மைலில், அதாவது பறக்கப் பறக்க விமான நிறுவனக் கணக்கில் சேர்கிற புள்ளியில் எடுத்தது, வரி மட்டும் கட்டினேன். திரும்பி வருவதற்குத்தான் காசு. எப்படிச் செய்தீர்கள் என்று அலுவலகத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எனக்குச் சென்னையில் இயந்திர சர்வீஸ் வேலை. வருடத்துக்கு நான்கு தடவை ஜெர்மனி, நடுவில் ஒரு தடவை சிங்கப்பூர். டிக்கெட்டை கம்பெனி டிராவல் டெஸ்க்தான் எடுக்கும், அன்றைக்கு எது விலை குறைவோ அது. அதனால் ஒரு தடவை லுஃப்தான்சாவில் நேராக ஃபிராங்க்ஃபர்ட், அடுத்த தடவை துபாய் வழி, அதற்கடுத்து தோகா வழி. ஏறுகிற விமானத்துக்கெல்லாம் ஒரு கணக்கு திறந்து வைத்தேன். 2022இல் எல்லாவற்றையும் எடுத்து ஒரு எக்செல்லில் போட்டுப் பார்த்தபோது எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸ், கத்தார் பிரிவிலேஜ் கிளப், லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் என்று நான்கு இருந்தன. நான்கிலும் மைல் இருந்தது, எதிலும் ஒரு டிக்கெட் எடுக்கிற அளவு இல்லை. அதில் ஒன்றில் பெரும்பகுதி அதற்கு முந்தைய மாதம்தான் காலாவதியாகியிருந்தது. அந்த இரவு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்த மைல் ஒவ்வொன்றும் வீட்டை விட்டுப் போய் வேலை பார்த்த நாட்கள்.

அப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் தெரிந்துகொண்டது, ஏறுகிற விமானத்தின் கணக்கிலேயே மைலைப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது. லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா, யுனைடெட், டர்கிஷ் எல்லாம் ஸ்டார் அலையன்ஸ் என்ற ஒரே கூட்டணி, லுஃப்தான்சாவில் பறந்துவிட்டு யுனைடெட் கணக்கு எண்ணைக் கொடுக்கலாம். கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஸ்ரீலங்கன், மலேசியா ஏர்லைன்ஸ் இவை ஒன்வேர்ல்ட். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஆக எனக்கு முன்னால் இருந்தது நான்கு கம்பெனி இல்லை, மூன்று கதவு.

என் பயணங்களை எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஸ்டார் அலையன்ஸில் வந்தது. சிங்கப்பூர் பயணமும் அதிலேயே அடங்கிவிடும். கதவு முடிவாகிவிட்டது, உள்ளே எந்தக் கணக்கு என்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் அக்கா நியூஜெர்சியில் வீடு மாறி, அம்மா ஒரு தடவையாவது வந்து ஆறு மாதம் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மைல் எதற்கு என்ற கேள்விக்கு அதுவே பதிலாகிவிட்டது. எனக்கு லவுஞ்ச் வேண்டாம், பிசினஸ் கிளாஸ் வேண்டாம், அம்மாவுக்கு ஒரு டிக்கெட் வேண்டும்.

அப்படிப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடுகிறது. கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதி ஆகும், இடையில் பறந்தாலும் பழைய மைலின் தேதி நகராது. வேறொருவருக்கு டிக்கெட் எடுக்க, அவரை முன்பே நாமினியாகச் சேர்த்திருக்க வேண்டும், மொத்தம் ஐந்து பேர்தான். சிங்கப்பூரிலேயே இருப்பவர்களுக்கு அதுதான் நல்லது என்று இப்போதும் சொல்வேன், ஏனென்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் இருக்கைகளைத் தன் உறுப்பினர்களுக்குத்தான் முதலில் தருகிறது. மைல்ஸ் அண்ட் மோர் 2018இலிருந்து லுஃப்தான்சா பயணத்துக்கு தூரத்தைப் பார்ப்பதில்லை, டிக்கெட் விலையைப் பார்த்து மைல் தருகிறது. என் கம்பெனி எடுப்பதோ எப்போதும் மலிவு டிக்கெட். யுனைடெட்டின் மைலேஜ் பிளஸில் 2019இலிருந்து காலாவதியே கிடையாது. மைல் டிக்கெட்டில் எரிபொருள் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். பயணத்துக்கு முன்னால் ரத்து செய்தால் மைல் திரும்பி வந்துவிடும். நான் அதுவரை யுனைடெட் விமானத்தில் கால் வைத்ததில்லை, ஆனாலும் அதைத்தான் எடுத்தேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிக்கெட்டுக்கு இத்தனை மைல் என்ற நிலையான பட்டியல் அங்கே இல்லை, நாளுக்கு நாள் மாறும். அதனால் இவ்வளவு சேர்த்தால் போதும் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் இருந்தது.

அடுத்தது புக்கிங் கிளாஸ், எக்கானமியின் உள்ளேயே டிக்கெட் எந்த விலை வகை என்று காட்டுகிற ஒற்றை எழுத்து. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 4,700 மைல், போய்வர 9,400. அந்த தூரம் அவ்வளவும் கணக்கில் மைலாக ஏறும் என்று நினைத்தால் தப்பு. சில எழுத்துக்கு முழுதும் வரும், சிலதுக்குப் பாதி, சிலதுக்கு அதற்கும் கீழே. ஒவ்வொரு கூட்டணி விமானத்துக்கும் தனித்தனி அட்டவணை யுனைடெட் தளத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு டிராவல் டெஸ்க் அண்ணனிடம் போனேன். விலை வித்தியாசம் ரொம்ப இல்லையென்றால் ஸ்டார் அலையன்ஸ் போடுங்கள், ஒரே விலையில் இரண்டு இருந்தால் இந்த எழுத்தைப் பாருங்கள் என்று கேட்டேன். அவர் சரி என்று என் புரொஃபைலிலேயே யுனைடெட் கணக்கு எண்ணை ஏற்றிவிட்டார். இதைச் செய்யாமல் எதைத் தேர்ந்தெடுத்தும் பயன் இருந்திருக்காது.

இப்போது நம் ஆட்கள் எல்லோரும் கவனிக்க வேண்டியது, பெயர். பழைய கணக்கு ஒன்றில் என் பெயரை நாம் எழுதுகிற மாதிரியே இனிஷியலோடு கொடுத்திருந்தேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, சர்நேம் இடத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. போர்டிங் பாஸில் அப்பா பெயர் முதலில், ஒரு சாய்கோடு, பிறகு என் பெயர், அதோடு இடைவெளி இல்லாமல் 'மிஸ்டர்' ஒட்டிக்கொண்டு வரும். கணக்கில் ஒற்றை எழுத்து, டிக்கெட்டில் முழுப்பெயர். இரண்டு பயணத்தின் மைல் ஏறவே இல்லை. கேட்டு எழுதினால் பெயர் பொருந்தவில்லை என்று பதில். பாஸ்போர்ட் நகல் அனுப்பிப் பெயரைத் திருத்தி, 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கொடுத்து மறுபடி கேட்டபோது ஒன்றுதான் வந்தது, மற்றொன்றுக்கு அவகாசம் முடிந்திருந்தது. எனவே கணக்கு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பெட்டியில் எது இருக்கிறதோ அதை அப்படியே அடியுங்கள். போர்டிங் பாஸை மைல் ஏறும்வரை கிழிக்காதீர்கள், ஃபோட்டோவாவது எடுத்து வையுங்கள்.

பழைய கணக்குகளையும் விடவில்லை. கத்தாரில் இப்போது மைலுக்குப் பதில் ஏவியோஸ் என்ற புள்ளி, அதைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கோடு இணைத்து ஒன்றுக்கு ஒன்றாக மாற்றலாம். 36 மாதத்துக்குள் ஏதாவது ஒரு அசைவு இருந்தால் அப்படியே நிற்கும். ஸ்கைவார்ட்ஸில் மைல் சேர்ந்து மூன்று வருடம் கழித்து நம் பிறந்த மாதக் கடைசியில் போகும், அதற்கு ஃபோனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். உள்நாட்டில் அதிகம் பறக்கிற என் தம்பிக்கு ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்தான் சரி. 2024 நவம்பரில் விஸ்தாராவும் அதிலேயே கலந்த பிறகு அவனுடைய இரண்டு கணக்கும் ஒன்றாகிவிட்டன.

மூன்று வருடம் சேர்த்தேன். யுனைடெட்டில் 337 நாளுக்கு முன்பிருந்தே தேடலாம் என்பதால், அக்கா மாதத்தைச் சொன்னதிலிருந்து தினம் காலையில் காபி குடிக்கும்போது பார்ப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை டிக்கெட்டுக்கு வேண்டிய மைல் என் கணக்கில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. உடனே எடுத்துவிட்டேன். அமெரிக்க விசா கையில் இருந்ததால் ஜெர்மனியில் இறங்கி மாற அம்மாவுக்கு டிரான்சிட் விசா தேவைப்படவில்லை. வீல்சேர் கேட்டுப் பதிவு செய்துவிட்டேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான், ஜன்னல் பக்கம் கிடைக்குமா என்று. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து போகிற விமானத்தில் கிடைத்திருக்கிறது. சென்னையில் ஏறுவதற்கு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.