ரிக்கெட்ஸ் கிளென்னில் மூன்று நாள்

அக்டோபர் 13, வெள்ளி

பென்சில்வேனியாவின் வடகிழக்கிலுள்ள ரிக்கெட்ஸ் கிளென் மாநிலப் பூங்காவுக்கு நானும் கணவரும் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. வாடகைக்கு எடுத்த மர வீட்டில் கட்டிலும் மெத்தையும் இருந்தன. விரிப்பையும் போர்வையையும் நாமே கொண்டுவர வேண்டும் என்ற குறிப்பைப் படித்தவளும் நான், எடுத்து வைக்க மறந்தவளும் நான். ஸ்வெட்டர்களைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது.

அக்டோபர் 14, சனி

கிச்சன் ஓடையின் இரு கிளைகள் இரண்டு பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி, ‘வாட்டர்ஸ் மீட்’ என்னும் இடத்தில் கூடுகின்றன. பூங்காவில் பெயர் பெற்ற 22 அருவிகளில் 18 இந்தக் கிளைகளில்தான் இருக்கின்றன. கிளென் லீ வழியாக இறங்கி, கனோகா கிளென் வழியாக ஏறினால், எல்லாவற்றிலும் உயரமான கனோகா அருவியைக் கீழிருந்தே பார்த்தபடி ஏறலாம் என்பது அவருடைய கணக்கு.

நிறம் மாறிய மரங்களைப் பார்க்க வந்த எனக்குத் தரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாத கற்படிகள் சாரலில் நனைந்திருக்க, அவற்றின்மேல் மஞ்சள் பிர்ச் இலைகள் பசை தடவியதுபோல் அப்பியிருந்ததால், எது படி, எது படிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் என்பது காலை வைத்த பிறகே தெரிந்தது. ஓரிடத்தில் வழுக்கி உட்கார்ந்தேவிட்டேன். உள்ளங்கையில் ஒட்டிய இலையைப் பிரித்துப் பார்த்தால், விளிம்பில் ஒவ்வொரு பெரிய பல்லுக்கும் இடையே சிறு பற்கள். “இலையைப் படிக்கிற நேரமா இது?” என்றபடி கை கொடுத்தார். முந்தைய இரவின் போர்வைக்கும் சேர்த்துத்தான் அந்தக் குரல் என்று பட்டது.

இந்தப் பாதையை 1889 முதல் 1893 வரை ஆள் வைத்து அமைத்தவர், அன்று இந்நிலத்துக்கு உரிமையாளராயிருந்த கர்னல் ரிக்கெட்ஸ். சுற்றியிருந்த காட்டை வெட்டி விற்றவரும் அவரே. இந்தப் பள்ளத்தாக்குகளை மட்டும் விட்டுவைத்தார். அந்த முரணைப் பேசிக்கொண்டே ஏறினோம். கனோகா அருவி 94 அடி. அதன் எதிரே ஒரு பாறையில் பேச்சின்றி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அக்டோபர் 15, ஞாயிறு

முழங்கால் வலித்ததால், ஆடம்ஸ் அருவியை ஒட்டிய எவர்கிரீன் பாதையோடு நிறுத்திக்கொண்டோம்; மொத்தமே ஒரு மைல்தான். நூற்றாண்டுகள் கண்ட ஹெம்லாக் மரங்களின் கீழே ஊசியிலைகள் மெத்தென்று கிடந்ததால், முதல் முறையாக இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தோம். ஒரு வேரில் இடறி அவர் முழங்கால் மண்ணானது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.