ஆணி என்று நினைத்தது

"கால்லதானே வந்திருக்கு? அப்புறம் எதுக்கும்மா கவட்டியில அறுக்கிறாங்க?"

என் உள்ளங்காலில் வந்த தோல் புற்றுக்காகத் தொடையிடுக்கில் ஆபரேஷன் என்று சொன்னபோது அத்தை கேட்ட இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அத்தை என்றால் என் மாமியார். வயது 84. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வீட்டுக்குள் இன்னும் தமிழ் பேசுகிற பெரியவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டார்கள், அவர்களில் ஒருவர். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து 26 வருடம் ஆகிறது. என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் புரியும், ஆனால் பதில் இங்கிலீஷில்தான் வரும். காலை காப்பியிலிருந்து ராத்திரி மாத்திரை வரைக்கும் தமிழில் பேசிக்கொள்வது நானும் அத்தையும்தான். அதனால் எதையும் அவருக்குப் புரியும்படி சொல்லி முடித்தால்தான் எனக்கே புரிந்தது என்று அர்த்தம். இதைச் சொல்லி முடிக்க மூன்று நாள் ஆனது.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன். இடது உள்ளங்காலில், குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. நான் வழக்கமாகப் போகும் டாக்டர் பார்த்துவிட்டுக் கால் ஆணி என்றார். ஒட்டும் பிளாஸ்டர் கொடுத்தார், இரண்டு தடவை பிளேடால் சீவினார். 14 மாதம் இப்படியே போனது. மிளகு, பாதிப் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. ஓரம் வேறு இந்து மாக்கடல் மேப் மாதிரி கோணல்மாணலாக. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் 14 மாதம் சும்மா இருந்தவள் நானும்தானே என்று நினைக்கும்போது அந்தக் கோபம் பாதியில் நின்றுவிடும்.

அப்புறம் ஊர்ப்பேச்சு. பெரிய வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் ஒன்பது வருடம் தீ மிதித்திருக்கிறேன். (பெரிய வெள்ளியில் மாரியம்மனுக்கு என்ன வேலை என்று இந்தியாவில் கேட்பார்கள். கரும்புத் தோட்டத்துக் கூலிகளாக வந்தவர்களுக்கு ஈஸ்டர்தான் கிடைத்த லீவு, அதில் கொண்டாடினார்கள், அப்படியே நின்றுவிட்டது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள்.) "தீயில சுட்டதுதான் இப்படி ஆயிடுச்சு" என்று நாத்தனார் சொன்னாள். தோல் டாக்டரிடம் கேட்டேன். உள்ளங்காலில் விழும் அழுத்தம், பழைய காயம் இதையெல்லாம் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பேசுவது உண்டு, அதற்காகத் தீமிதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்றார். அம்மன் மேல் பழி இல்லை. அத்தைக்கு அதில்தான் முதல் நிம்மதி.

அந்தத் தோல் டாக்டர் ஒரு சின்ன வெளிச்சக் கண்ணாடியைக் காலில் வைத்துப் பார்த்தார். எனக்கும் திரையில் காட்டினார். விரல் ரேகை மாதிரி உள்ளங்காலிலும் மேடும் பள்ளமுமாக வரி ஓடுகிறது. கறுப்பு பள்ளத்தோடு ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டின் மேல் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். என்னுடையது மேட்டில், உழுத வயலில் வரப்பு மட்டும் கருகின மாதிரி. அவர் முகம் மாறவில்லை, ஆனால் பேச்சு மெதுவானது.

நம் நிறத்துக்குத் தோல் புற்று வராது, அது கடற்கரையில் வெயில் காய்கிற வெள்ளைக்காரர்களுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெயிலால் வருகிற வகை நமக்குக் குறைவு என்பது உண்மைதான். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வருகிற அக்ரல் மெலனோமா என்ற தோல் புற்றுக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. கறுத்த தோலுள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்களே, அதே இனம். 1981-இல் 36 வயதில் போய்விட்டார். என் மகன் அறையில் அவர் படம் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன்.

கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதித்ததில் மெலனோமா என்று உறுதியானது. ஆழம் 0.9 மில்லிமீட்டர். இந்த நோயில் அகலத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதை அளக்கும் முறையை 1970-இல் பிரெஸ்லோ என்ற டாக்டர் சொன்னதால் பிரெஸ்லோ ஆழம் என்பார்கள். 0.8-க்குக் குறைவாக, தோல் மேல் புண்ணாகாமல் இருந்தால், பெரும்பாலும் தொடையிடுக்கு மாதிரி இடங்களில் உள்ள நிணநீர்க் கணுவைத் தொட மாட்டார்கள். 1-ஐத் தாண்டினால் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நடுவில் இருந்தால் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். நான் சரியாக நடுவில்.

அத்தையின் கேள்விக்கு இங்கேதான் பதில். டாக்டர் படம் போட்டு விளக்கும்போது எனக்குப் பளிச்சென்று புரிந்தது, ஏனென்றால் இதில் பாதி நம் வீடுகளில் தெரிந்த விஷயம். சின்ன வயதில் காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெல்லிக்காய் மாதிரி ஒன்று உருளும். "நெறி கட்டியிருக்கு" என்று அம்மா சொல்வார். காலுக்கும் கவட்டிக்கும் ஒரு பாதை இருக்கிறது என்று படிக்காமலே தெரிந்திருந்தது. அந்த நெறிதான் நிணநீர்க் கணு. உள்ளங்காலிலிருந்து புற்று அணு எதாவது கிளம்பினால் அதே பாதையில் போய் முதலில் அந்த இடத்தில்தான் மாட்டும். முதலில் மாட்டுகிற கணுவுக்கு சென்டினல் என்று பேர், காவலாள் என்று அர்த்தம். அதை எடுத்துப் பார்த்து அது சுத்தமாக இருந்தால், பின்னால் உள்ளவையும் சுத்தமாக இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

"நம்ம முனீஸ்வரன் மாதிரியா? எல்லையில நிக்கிற சாமி?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை. அவரைத் தாண்டித்தான் ஊருக்குள்ள போகணும்."

"அப்ப காவல்காரனையே அறுத்து எடுத்துட்டா ஊருக்கு யாரு காவல்?"

இதுதான் என் பயமும். கும்பகோணத்துக்காரிக்கு யானைக்காலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். நிணநீர்ப் பாதை அடைபட்டால் கால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் கவட்டியில் உள்ள கணுக்களை மொத்தமாக வழித்து எடுப்பார்கள், நிறையப் பேருக்குக் கால் வீங்கி நிரந்தரமாகிவிடும், அதைத் தவிர்க்கத்தான் இந்த முறையே வந்தது என்றார். 1992-இல் கலிஃபோர்னியாவில் டொனால்ட் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் நீலச் சாயம் வைத்து முதல் கணுவைக் கண்டுபிடித்து எழுதினார்கள். இதில் ஒன்றோ இரண்டோதான் எடுப்பார்கள். வீக்கமே வராது என்று சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. எடுத்ததில் புற்று இருந்தாலும் இப்போது உடனே எல்லாவற்றையும் வழிப்பதில்லை. அப்படி வழித்தாலும் ஆயுள் கூடவில்லை என்று 2017-இல் வந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

என் கணவர் மட்டும் விடவில்லை. "இதைச் செய்தால் இவள் கூட நாள் இருப்பாளா?" என்று நேராகவே கேட்டார். டாக்டரும் நேராகவே சொன்னார்: அப்படி வாக்குக் கொடுக்க முடியாது, இது வைத்தியம் இல்லை, எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது. கணுவில் இருந்தால் மூன்றாம் கட்டம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற இம்யூனோதெரபி பற்றிப் பேச வேண்டிவரும். இல்லையென்றால் முதல் கட்டம், கண்காணிப்பு போதும். உங்கள் மனைவியின் ஆழத்துக்கு, கணுவில் இருக்க 100-இல் 5 முதல் 10 வரை வாய்ப்பு.

காரில் வரும்போது ஹிகின்சன் ஹைவே முழுக்க இவர் பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "யூ டிசைட்" என்றார். தெரியாமல் இருக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. செய்துகொள்கிறேன் என்றேன்.

மெடிக்கல் எய்டில் (இங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு அதுதான் பேர்) அனுமதி வாங்கிய கதையை எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன். நாலு ஃபோன், இரண்டு கடிதம்.

ஆபரேஷன் அன்று காலை முதலில் நியூக்ளியர் மெடிசின். தழும்பைச் சுற்றி நாலு ஊசி. உள்ளங்காலில் ஊசி என்றால் என்ன என்று எழுத்தில் சொல்ல முடியாது, நெருப்பு இதற்குத் தேவலை. அதில் போவது டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்து. ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், மறுநாள் காலையில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அப்படி ஆயுள் குறைந்த சரக்கை எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன். அவனுக்கு ஒரே குஷி. பிரிட்டோரியா பக்கம் பெலிண்டாபாவில் 1965 முதல் ஓடுகிற சஃபாரி-1 அணு உலை இருக்கிறது, அங்கே செய்கிற மாலிப்டினம் ஒரு பெட்டியில் வரும், அது உள்ளே சிதையச் சிதைய டெக்னீஷியம் ஊறும், நாங்கள் காலையில் கறந்துகொள்வோம் என்றான். கறப்பது என்றே தான் சொன்னான். பெட்டிக்குப் பேர் பசு.

இயந்திரத்துக்கு அடியில் படுத்துத் திரையைப் பார்த்தேன். கறுப்புத் திரையில் கால் இருக்கும் இடத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நூல் மாதிரி ஒரு கோடு, கணுக்காலைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி மேலே. முழங்காலுக்குப் பின்னாலும் கணு உண்டு, சிலருக்கு அங்கேயே நின்றுவிடுமாம். என்னுடையது நிற்கவில்லை. தொடையிடுக்கில் போய் ஒரு புள்ளி, பக்கத்தில் மங்கலாக இன்னொன்று. என் அம்மா விரல் வைத்து அழுத்திப் பார்ப்பாரே, அதே இடம். பையன் பேனாவால் தோலில் பெருக்கல் குறி போட்டான்.

தியேட்டரில் மயக்கம் கொடுத்த பிறகு காலில் நீலச் சாயமும் ஏற்றினார்களாம். கதிரைக் கேட்கிற ஒரு குழலை இடுக்கில் வைத்தால் கணு இருக்கும் பக்கம் சத்தம் கூடும், திறந்து பார்த்தால் நீலமாகத் தெரியும். காது ஒரு சாட்சி, கண் ஒரு சாட்சி. இரண்டு கணுக்களை எடுத்தார்கள். அதே மயக்கத்திலேயே உள்ளங்காலில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். முதலிலேயே அகலமாக வெட்டியிருந்தால் நிணநீர்ப் பாதை கலைந்துபோயிருக்கும், அதனால்தான் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது.

யாரும் எனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று. சாயங்காலம் பாத்ரூமில் பார்த்தால் மூத்திரம் பச்சை. போட்ட கூச்சலில் ஜூலு நர்ஸ் ஓடிவந்தாள். "ஷேம், மா! அந்த டை தான், ரெண்டு நாளில் போய்டும்" என்று முதுகைத் தடவினாள். (இங்கே ஷேம் என்றால் ஐயோ பாவம்.) ஃபோனில் அத்தையிடம் சொன்னேன், சிரிப்பை அடக்கவே இல்லை. சிவனுக்குக் கழுத்து, உனக்குக் கால் என்றார்.

முடிவு வர 12 நாள். தியேட்டரிலேயே பார்த்துச் சொல்ல மாட்டார்கள். கணுவில் ஒளிந்திருப்பது சில அணுக்களாகவும் இருக்கலாம், அவசரத்தில் தவறிவிடும். மெல்லிய சீவல் சீவலாக வெட்டி, மெலனோமா அணுவை மட்டும் காட்டிக்கொடுக்கிற சாயங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த 12 நாளும் ஊன்றுகோலோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பிரியாணியில் ஃப்ரிட்ஜ் நிறைந்தது.

இரண்டு கணுவும் சுத்தம். டாக்டர் சொன்ன அடுத்த வாக்கியம், சுத்தம் என்று வந்தவர்களிலும் சிலருக்குப் பின்னால் வருவது உண்டு, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், குளிக்கும்போது இடுக்கை நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டும். எப்படி என்று காட்ட ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் டாக்டர் என்றேன்.

கவட்டியில் கொஞ்ச நாள் நீர் கோத்தது, ஊசியால் இரண்டு தடவை எடுத்தார்கள். கால் வீங்கவில்லை. ஒட்டின தோலைச் சுற்றி ஒரு நீல நிழல் இன்னும் இருக்கிறது, போக மாதக்கணக்கில் ஆகுமாம்.

போன வாரம் லோட் ஷெட்டிங்குக்கு வாங்கின பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு அத்தை ஹாலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஒருவரையும் விடவில்லை, எல்லோரையும் சோபாவில் மல்லாக்கப் போட்டு உள்ளங்காலைக் காட்டச் சொன்னார். மகன், மகள், நாத்தனார், அவள் புருஷன். என் கணவர் குதிகாலில் ஒரு தடிப்பு. அத்தை என்னைக் கூப்பிட்டார். நான் வெளிச்சத்தில் குனிந்து, தோல் டாக்டர் காட்டின மாதிரி மேடு எது பள்ளம் எது என்று பார்த்தேன். கறுப்பே இல்லை. ஆனாலும் திங்கட்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

ஆணிதான்.