காயம் இல்லை என்று எழுதினால்

அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருந்தால் பிரசவம், ஆபரேஷனோடு வேலை முடிந்துவிடாது. பாலியல் வன்புணர்வு புகாரில் போலீஸ் மெமோவோடு அழைத்து வரப்படும் பெண்களைப் பரிசோதித்துச் சான்று எழுத வேண்டும். சில வருஷம் கழித்து சம்மன் வந்தால் மகளிர் நீதிமன்றத்தில் போய் சாட்சி சொல்லவும் வேண்டும். கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "வெளிக்காயம் ஏதும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க, சரிதானே டாக்டர்?"

சரிதான். இல்லாத காயத்தை எழுத முடியுமா? பதிலை வாங்கிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடுவார். காயம் இல்லையென்றால் சம்மதம் என்கிற மிச்சத்தை அவர் வாய் திறந்து சொல்லத் தேவையே இல்லை.

இந்தக் கணக்கு பழையது. மகாராஷ்டிராவில் 1972இல் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணுக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே பாலியல் கொடுமை நடந்தது. உயர் நீதிமன்றம் தண்டித்த இரண்டு காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, உடம்பில் காயம் இல்லை என்பது. பயந்து பணிவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்று உபேந்திர பக்‌ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்புணர்வில், உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண்ணும் சாட்சி சொன்னால், நீதிமன்றம் அதையே உண்மையென்று அனுமானிக்க வேண்டும் என்றானது. 2013 திருத்தம் இன்னும் வெளிப்படையாகவே சொன்னது: உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் இந்த வாசகம் இருக்கிறது. கூண்டில் கேட்கப்படும் கேள்விக்குத்தான் இது இன்னும் எட்டவில்லை.

மில்லில் வேலை பார்த்த ஒரு பெண் என்னிடம் சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஹிஸ்டரியில், அதாவது நடந்ததைக் குறிக்கும் பகுதியில், எழுதினேன். "கத்தினா வேலை போயிடும் மேடம். தங்கச்சியும் அங்கதான் இருக்கா." சூப்பர்வைசர் அவள் கையைக்கூட முறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தங்கையின் பெயரைச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். இதற்கு எந்த இடத்தில் காயத்தைத் தேடுவது? நல்ல அரசு வக்கீலாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முடித்ததும் மறுவிசாரணைக்கு எழுந்து, "மிரட்டலுக்குப் பயந்து எதிர்க்காம இருந்தா காயம் இல்லாம இருக்க வாய்ப்பு உண்டா?" என்று கேட்பார். உண்டு என்பேன். அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காமலே இறங்கி வந்த நாட்களும் உண்டு.

இன்னொரு கூத்து எங்கள் அறையிலேயே நடக்கும். பரிசோதனைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும், அது இல்லாமல் தொடுவது சட்டப்படி செல்லாது. படிவத்தை நீட்டியதும் கூட வந்த காவலர், "போடும்மா கையெழுத்தை, நேரமாகுது" என்பார். பக்கத்தில் நிற்கும் அம்மா பேனாவை எடுத்து மகள் கையில் திணிப்பார். கட்டாயப்படுத்தப்பட்டாளா என்று பார்க்கத்தான் அவளை அழைத்து வந்திருக்கிறார்கள்! நான் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நர்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, எதையெல்லாம் பார்ப்பேன், எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்று விளக்குவேன். சிலர் சிகிச்சை மட்டும் போதும் என்பார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்வேன்.

மனைவிகள் வரும்போது கதை தலைகீழ். தையல் போடும் அளவுக்குக் காயம் இருக்கும், ஆனால் மனைவிக்கு 18 வயது ஆகியிருந்தால் கணவன் செய்தது வன்புணர்வு ஆகாது என்கிறது அதே 63ஆம் பிரிவு. சம்மதித்தாளா என்ற கேள்வியே அங்கே எழாது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும் என்பதால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் "கணவரால்" என்று எழுதி, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் முகவரியையும் தருகிறேன். பலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, "இதை வீட்டுல பார்த்துட்டா?" என்று கேட்கிறார்கள்.