அம்மாவின் ராத்திரிச் சாப்பாடு

ஜனவரி 9
ராத்திரி அம்மாவால் ஒரு சப்பாத்தியை முடிக்க முடியவில்லை. பாதியிலேயே தாடை ஓய்ந்துவிட, இடது கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு மென்றார். ரசம் மூக்கு வழியாக வந்துவிட்டது. காலையில் நாலு இட்லி நன்றாகச் சாப்பிட்டவர். "வயசானா இப்படித்தான்" என்கிறார் சித்தி. 58 ஒரு வயசா?

ஜனவரி 13
இ.என்.டி. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். கட்டியோ அடைப்போ இல்லை. காலை பத்து மணிக்கு அம்மா மடமடவென்று தண்ணீர் குடித்துக் காட்டினால் யார்தான் நம்புவார்கள்? ராத்திரி சாப்பிடுவதை போனில் வீடியோ எடுத்தேன்.

ஜனவரி 20
நரம்பியல் டாக்டர் வீடியோவைப் பார்த்ததும் அம்மாவை மேலே சுற்றும் ஃபேனையே பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இடது இமை தானாக இறங்கியது. கையுறைக்குள் ஐஸ்கட்டி போட்டு அந்த இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை ஏறி நின்றது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மையஸ்தீனியா கிராவிஸாக இருக்கலாம் என்றார். நரம்பு அனுப்பும் சேதியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறதாம். அதனால்தான் வேலை கொடுக்கக் கொடுக்கத் தசை ஓய்கிறது, ஓய்வு கிடைத்தால் தேறுகிறது. பொழுது சாயச் சாயத் தொண்டை மக்கர் செய்வதும் இதனால்தான்.

ஜனவரி 28
ரத்தத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு, அதாவது நரம்பின் சேதியைத் தசை வாங்கிக்கொள்ளும் அந்த இடத்துக்கு, எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) இருக்கிறது. சி.டி. ஸ்கேனில் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இல்லை, பெரிய நிம்மதி. தசைக்குத் தெம்பு தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை 60 மி.கி. தந்திருக்கிறார்கள். அரை மணி, முக்கால் மணியில் வேலை செய்யும். மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். இனி எங்கள் வீட்டில் மாத்திரையைப் பார்த்துத்தான் இலை போட வேண்டும்.

பிப்ரவரி 6
மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கப் பயிற்சி தந்தார்கள். சின்ன ஸ்பூன், சாப்பிடும்போது பேச்சு கூடாது. அம்மாவுக்குத் தண்ணீரைவிடக் குழைந்த தயிர்சாதம் சுலபமாக இறங்குகிறது. வயிறு நிறையச் சாப்பிடுவது மதியம்தான். அத்தை "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். பாசம்தான், ஆனால் ஓய்ந்த தொண்டையில் திணித்தால் சோறு நுரையீரலுக்குள் போய்விடும்.

பிப்ரவரி 15
அம்மாவுக்குக் காய்ச்சல். மருந்துக்கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். அதுவும் சிப்ரோஃப்ளாக்சசினும் இந்த நோயைக் கிளறிவிடக்கூடியவை. டாக்டர் எழுதித் தந்த பட்டியல் அம்மாவின் பர்ஸில் இருக்கிறது. அவரிடம் கேட்டு வேறு மாத்திரை வாங்கினேன். காய்ச்சலே நோயை முற்ற வைக்கலாம். எச்சிலை விழுங்க முடியாவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். மூச்சுக்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன், 30 வரை வந்தார். படுக்கும் முன் இன்னொரு தடவை எண்ணச் சொல்ல வேண்டும்.