அம்மாவின் மஞ்சள் முடிச்சு

நாலு வயதில் நெருப்புக் காய்ச்சலில் நான் கிடந்தபோது, கதிர்காமத்து முருகனுக்கு என்று அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தா. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு காசு சேரும். போகத்தான் முடியவில்லை. ஒரு வருசம் கையில் காசில்லை, ஒரு வருசம் நாட்டு நிலைமை சரியில்லை. இப்போது அம்மாவுக்கு முழங்கால் மடங்காது.

"நீயாவது போயி குடுத்துட்டு வந்துரு புள்ள" என்றா.

போயா என்கிற பௌர்ணமி லீவுக்கு கூட்டாளிமார் ஐந்து பேர் சேர்ந்து வேன் பிடித்தோம். பண்டாரவளையில் விடியப்புறம் நாலு மணிக்கு ஏறும்போது பல் கிட்டிய குளிர். எல்ல இறக்கத்தில் காது அடைத்து, வெல்லவாயவில் சுவெட்டரைக் கழற்றி, புத்தளையில் தேத்தண்ணி குடித்துக் காட்டுப் பாதையில் இறங்கினோம். கல்கே தாண்டியதும் நடு ரோட்டில் ஓர் ஆனை. பூசைக்கு வாங்கிய வாழைப்பழத்தை ஒருத்தி சேலைக்குள் மறைத்தாள். 'பிள்ளையாரப்பா, தம்பியைப் பார்க்கத்தானே போறோம்' என்று கும்பிட்டபடி இருந்தோம். இருபது நிமிசம் கழித்து விலகியது.

ஆனையே பரவாயில்லை. கதிர்காமத்தில் வேன் கதவைத் திறக்கவிடாமல் பூசைத் தட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் என் கையில் தட்டைத் திணித்துவிட்டுத்தான் விலையே சொன்னார். சாமி வாசலில் பேரம் பேச மனமில்லை. அது அவருக்கும் தெரியும்.

மாணிக்க கங்கையில் முழுகினோம். மருத மர நிழலில் தண்ணீர் சில்லென்று இருந்தது. அனுராதபுரத்தில் போதிமரம் நட்டபோதே இந்த ஊர்ப் பெரியவர்கள் போயிருந்ததாக மகாவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது என்றாள் எங்கள் கூட்டத்து டீச்சர். ஈரத்தலையோடு அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பத்தரைப் பூசைக்கு மூச்சு விட இடமில்லை. தாமரைப்பூவோடு சிங்கள அம்மாமார், தோளில் பிள்ளைகளோடு நம்மவர்கள். அரோகரா சத்தத்தில் வாய் கட்டிய கப்புறாளை, அதுதான் அங்கத்துப் பூசாரி, தட்டை வாங்கினார், திருநீறு தந்தார், பின்னாலிருந்தவர்கள் தள்ள வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் முடிச்சு என் உள்ளங்கையிலேயே இருக்கிறது!

அழுகை வந்துவிட்டது. "பொழுதுபட்டா புத்தளைப் பாதையில விடமாட்டாங்க, தனமல்வில பக்கமா சுத்தணும்" என்று டிரைவர் அண்ணன் முணுமுணுத்தார். கூட்டாளிமார் ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு மறுபடி வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

இரண்டாம் தரம் கூட்டம் கலைந்திருந்தது. முடிச்சைக் கொடுத்துவிட்டுத் திரை முன்னால் நின்றேன். திரையில் வள்ளி தெய்வானையோடு மயில்மேல் அவன். திரைக்குப் பின்னால் என்ன என்று கும்பிட வருகிறவர்கள் யாரும் பார்த்ததில்லை, எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று வழிநெடுக நினைத்து வந்த ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா குடுத்துவிட்டா" என்று மட்டும் சொன்னேன். முருகா, நான் மறந்தாலும் நீ என்னைத் திருப்பிக் கூப்பிட்டாயே, அது போதுமப்பா.

தனமல்வில பக்கமாகத்தான் சுற்றி வந்தோம். வீடு சேர இரவு பதினொன்று. அம்மா தூங்காமல் இருந்தா. நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

"முடிச்ச அவுக்காமத்தான குடுத்த?"

"அப்படியே குடுத்தேன்மா."

மறந்துவிட்டு வெளியே வந்ததை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.