பேச்சுத்துணைக்குப் போகிறேன்

நியூயார்க்கில் தனியாக இருக்கும் வயதான தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பேச்சுத்துணையாகப் போய்வர ஆள் தேடுகிறார்கள் என்று நண்பர் சொன்னதும் பெயர் கொடுத்தேன். இவர்களுக்கென்றே இந்த ஊரில் 'சேஜ்' அமைப்பு 1978இலேயே வந்துவிட்டது. நான் சேர்ந்தது வேறொரு சின்ன அமைப்பு.

விண்ணப்பம், நேர்காணல், தெரிந்தவர்கள் இருவரின் சிபாரிசு, குற்றப் பின்னணிச் சோதனை. சோதனை முடிவுதான் இழுத்தடித்தது. பிறகு பயிற்சி. மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது, பணம் கைமாறக் கூடாது என்பதெல்லாம் சரி. குடும்பத்தைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது என்றார்கள் பாருங்கள், அதுதான் நமக்குக் கஷ்டம். "பிள்ளைங்க எங்க இருக்காங்க?" என்று கேட்காமல் ஒரு வீட்டில் எப்படி உட்காருவது? ஆனால் காரணம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் இளைஞராக இருந்து, பெற்றவர்களே கதவைச் சாத்திய ஆட்கள் இவர்களில் நிறைய.

எனக்கு அமைந்தவர் எண்பதை நெருங்கும் தையல்காரர். செல்சியில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் கீழே இறங்குவதே அபூர்வம். முதல் தடவை ஒருங்கிணைப்பாளரும் கூட வந்தார். பேஸ்பால் பற்றியே பேசினோம் (எனக்கு கிரிக்கெட்தான் தெரியும், அதுவே நல்ல பேச்சானது). அலமாரித் தட்டில் தூசிக்கு நடுவே இரண்டு இடம் மட்டும் துடைத்தாற்போல் இருந்தது. நான் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து அவரே இழுப்பறையைத் திறந்து இரண்டு படங்களை எடுத்தார். வீட்டு உதவிக்குப் பெண் வரும் நாட்களில் உள்ளே வைத்துவிடுவாராம். படத்தில் இருந்தவர் அவருடைய துணைவர், 1988இல் எய்ட்ஸால் இறந்தவர். வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்த அந்த வீடு துணைவர் பெயரில். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மறுவருடம் பிராஷி என்ற வேறொருவரின் வழக்கில், சேர்ந்து வாழ்ந்த துணைவரும் குடும்பத்தார்தான் என்று மாநிலத்தின் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் இவருக்கு வீடு தங்கியது. வழக்கு எண்ணைக்கூடச் சொல்கிறார் மனுஷன்.

சேர நினைப்பவர்களுக்கு ஒன்று: குறைந்தது ஒரு வருஷம் வர முடியுமா என்று கேட்பார்கள். முடியாதென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். பழகியபின் நின்றுபோகும் ஆட்களை இந்தப் பெரியவர்கள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

இப்போது அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறேன். அதற்குத் தனிப் படிவமாம்.