பீரோவுக்குப் பின்னால்

மழை விட்டு மூன்று நாள் ஆகிறது. திருவல்லிக்கேணி வீட்டில் பீரோவை நகர்த்தினால், பின்சுவரெல்லாம் கரும்புள்ளியாகப் பூஞ்சை. கை வைத்தால் சில்லென்று ஓதம். அந்த வாடைக்கே எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

சின்ன வயதில் ஐப்பசி பிறந்தால் தும்மல் ஆரம்பித்துவிடும். "சளி உடம்பு, பெரியவனானா சரியாயிடும்" என்பார் பாட்டி. கற்பூரவல்லிச் சாறு வேறு! சரியாகவில்லை. 35 வயதில், நடுராத்திரியில் நெஞ்சுக்குள் விசில் சத்தம். கையில் லேசாகக் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்டில், கால் மணி நேரத்துக்குள் ஆல்டர்நேரியா பூஞ்சைக்கு மட்டும் கொசுக்கடி மாதிரித் தடித்துவிட்டது. மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப்பாதைதான், சிறுவயதில் பூஞ்சை அலர்ஜி இருந்தால் பின்னால் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதல் என்றார் டாக்டர். எல்லோருக்கும் வராது என்றும் சொன்னார். அந்தப் பாதி அம்மா காதில் விழவே இல்லை.

வீட்டு ஈரம், பூஞ்சை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஹவுஸ் ஓனரோ பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். உள்ளே பைப் ஒழுகுகிறது சார்!

இப்போது மகளும் காலையில் வரிசையாகத் தும்முகிறாள். நேற்று எண்ணினேன், 11. பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.